நொண்டி ஏணியும் அங்கம்மாவின் அம்மியும்

அன்றைக்கு அந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் ஒரு கோடியில் இருக்கிற முகட்டுச் சுவரடியில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: எங்கள் போர்மன் கந்தையா ஐயா, ஏணியில் ஏறுகிறவனும் என் தங்கை செல்லம்மாவின் புருஷனுமான மாரிமுத்து, அந்தத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர், கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற கொழுந்து மாடியில் வேலை செய்கிற அங்கம்மா, ஏணிக்குக் கால் பிடிக்கிற சுப்பையா என்கிற நான். லொறி டிரைவர் சிறிசேனவையும் சேர்த்தால் ஆறு பேர். ஆனால் அந்த நேரத்தில் அவர் எங்களுக்கு வேண்டிய ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மலைக்குக் கீழே எங்கேயோ வந்துகொண்டிருந்தார்.

இதை எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. போன மாதம் எங்கள் வீட்டில் டிவி டிஷ் பூட்ட ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். பையிலிருந்து எதையோ எடுத்து இழுத்தார், அது ஏணியாக நீண்டது. எங்கள் வாசல் கொஞ்சம் சரிவு. கிடந்த செங்கல் துண்டு ஒன்றைக் காலால் தள்ளி ஏணியின் ஒரு பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விறுவிறு என்று ஏறிவிட்டார். ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன தாத்தா, விழுந்தா ஒங்க கத்தரிச் செடி மேலதான் விழுவேன். செடிக்கு ஒன்னும் ஆகாது" என்று மேலேயிருந்து சிரித்தார். இறங்கி வந்த பிறகும் நான் ஏணியை விடவில்லை. "ஏன் தாத்தா இன்னும் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். ஒரு வார்த்தையில் சொல்கிற விஷயமா அது?

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கொஞ்ச காலம் மலையில் வேலை செய்து, பிறகு ஹட்டன் டவுனில் ஒரு கொம்பனியில் கூலியாகச் சேர்ந்து, மெல்ல மெல்லக் கால் பிடிக்கிறவனாக ஆனேன். அந்தக் கொம்பனிக்கு டிக்கோயா, நோர்வூட், கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் வேலை இருந்தது. பங்களாவுக்கு லைட் போடுவது, தொழிற்சாலைக்கு ஒயர் இழுப்பது, கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி மாற்றுவது, இடிதாங்கி பூட்டுவது. வேலை தெரிந்தவர்கள் மேலே ஏறுவார்கள். நான் கீழே நிற்பேன். எந்த வேலைக்கு எந்த ஏணியைக் கொண்டுபோவது என்று காலையில் எடுத்து வைப்பதும் என் பொறுப்புத்தான்.

கேட்பதற்கு இது ஒரு வேலையா என்று தோன்றும். மலைநாட்டில் ஏணி எடுக்கிறவனுக்குத்தான் அதன் பயம் தெரியும். லொறி போகிற இடம் பாதி, மீதி நடை. ரோட்டை விட்டு இறங்கினால் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, பாலம், படிக்கட்டு. மேலே போய்ச் சேர்ந்த பிறகு ஏணி இரண்டு அடி குட்டை என்று தெரிந்தால் ஒரு நாள் வேலை போயிற்று. அந்த இரண்டு அடியை எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஏறுகிறவன் நினைத்தால் ஆளே போயிற்று. நீளமாகவே கொண்டுபோகலாம் என்றால், கயிறு போட்டு நீட்டுகிற இரட்டை மர ஏணியைத் தூக்க நாலு பேர் வேண்டும். தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு, போய்ச் சேர்ந்ததும் ஏறுவதற்குக் காலில் தெம்பு இருக்காது. பங்களாவுக்குள்ளே என்றால் கத்தரிக்கோல் மாதிரி விரிகிற ஏணி. அதன் காலுக்குச் சாக்குத் துணி சுற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொரைசாணி வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

தூக்குவதற்குச் சுகமானது மூங்கில் ஏணி. அதில் வேறொரு தொல்லை இருந்தது. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவே நீளமாக மூங்கில். தூரத்திலிருந்து பார்த்தால் பாடைதான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து வழியாகப் போனால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். ஒரு தடவை ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர், "யாருப்பா, எந்த லயத்து ஆளு?" என்று துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வரத் தொடங்கிவிட்டார். அதனால் ஏணித் தலையில் ஒரு சிவப்புத் துணி கட்டுவோம். தலைப்பக்கம்தான் முன்னால் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கால் முன்னால் போகிற ஊர்வலம் எது என்று எல்லோருக்கும் தெரியும். மாரிமுத்து இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணுவான்.

"எங்க மச்சான் ஏணிக்குத் தலவாணி வச்சுத்தான் தூங்கப் போடுவாரு. ஏணிக்குத் தலை எது காலு எதுன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும்."

அவன் என்னைவிட இளையவன். பயம் என்பதைக் கடவுள் எனக்கே முழுவதும் அளந்துவிட்டு அவனுக்கு வைக்க மறந்துவிட்டார். குரங்கு மாதிரி ஏறுவான். மேலே போனதும் ஒரு கையை விட்டுவிட்டு ஊரைப் பார்ப்பான். வேலைக்குப் புறப்படும் காலையெல்லாம் செல்லம்மா சோற்றுப் பொட்டலத்தை அவன் கையில் கொடுப்பாள், கண்ணை மட்டும் என் பக்கம் வைத்திருப்பாள். "பாத்துப் புடிங்கண்ணே." அந்த ஒரு வார்த்தையை நான் நாள் முழுவதும் கையில் பிடித்திருப்பேன்.

எங்கள் போர்மன் கந்தையா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, மடித்த கை, சட்டைப் பையில் சாய்வு பார்க்கிற ஒரு சின்ன மட்டப் பலகை. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். எல்லோரையும் நீர் என்றுதான் கூப்பிடுவார். லொறி கிளம்புமுன் நான் எடுத்து வைத்த ஏணியைத் தரையில் கிடத்தச் சொல்லி, ஒவ்வொரு படியையும் முஷ்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு என்னிடம் மூன்று கேள்வி.

"தலை எதிலை?"

ஏணியின் மேல் முனை எதில் சாயப் போகிறது என்று அர்த்தம். பீலியிலா, சுவரிலா, தகரத்திலா.

"கால் எதிலை?"

மண்ணா, சீமெந்தா, சரிவா. சரிவென்றால் மலை எந்தக் கைப்பக்கம்.

"இறங்கிறது எப்பிடி?"

இந்தக் கடைசிக் கேள்வி ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. ஏறின வழியாகத்தானே இறங்குவது? "ஏறேக்கை வெயில், இறங்கேக்கை மழை எண்டால் அது வேற ஏணி, காணும்" என்றார். அதற்கப்புறம் இரவில் படுத்தால்கூட எனக்கு அந்தக் கேள்விதான்.

நோர்வூட் பக்கத்தில் ஒரு பங்களாவில் பீலி மாற்றும்போது ராமையா என்ற எங்கள் ஆள் விழுந்தார். சரிவில் ஏணி வைத்து, இறக்கத்துப் பக்கக் காலுக்குக் கீழே கல் அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். அன்றைக்கு அந்தக் கல் ஒரு பல் விழுகிற மாதிரி மெதுவாக வெளியே வந்தது. கால் பிடித்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் தரையில் கிடந்தார். இடுப்பு முறிந்து, டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். அதற்குப் பிறகு நேராக நடக்கவே இல்லை.

அந்த வாரமே போர்மன் ஐயா மர ஆலையில் இரண்டு ஏணி செய்வித்தார். இரண்டுக்கும் ஒரு கால் குட்டை. சுவரைப் பார்த்து நிற்கும்போது மலை வலது கைப்பக்கம் என்றால் வலது கால் குட்டையான ஏணி. இடது பக்கம் என்றால் இடது குட்டை. ஒன்றையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. தலையில் இரண்டு இரும்புக் கொக்கி வைத்திருந்தார், சுவர்ப் பக்கமாக வளைந்தபடி. திருப்பிப் போட்டால் கொக்கி வானத்தைப் பார்க்கும், தலை எதிலும் மாட்டாது. அவற்றுக்கு வலத்து நொண்டி, இடத்து நொண்டி என்று நாங்கள் பெயர் வைத்தோம். ஐயாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் அவசரத்தில் அவரும் அப்படித்தான் சொல்லுவார்.

"இனி ஏணிக் காலுக்குக் கீழை ஒருத்தரும் கல்லு வைக்கேலாது. வைக்கிற ஆளுக்கு அண்டைக்கே சீட்டுக் கிழியும்" என்றார். மெல்லிய குரலில்தான் சொன்னார். எல்லோருக்கும் உறைத்தது.

இனி அந்த நாள்.

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். தொழிற்சாலையின் இடிதாங்கிப் பட்டை காற்றில் பிய்ந்து தொங்குகிறது, உடனே வரவும் என்று ஆள் வந்து சொன்னார். சித்திரை மாதம், காலையில் பளிச்சென்று வெயில், மத்தியானம் திரும்பினால் இடி. முந்தின வாரம் தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சவுக்கு மரத்தை இடி நெடுக்காகப் பிளந்திருந்தது. செப்புப் பட்டை உச்சியில் ஒட்டியிருந்து, கீழே மண்ணோடு தொடர்பு அற்றிருந்தால் அது இடிதாங்கி இல்லை, இடியை வீட்டுக்குள் கூப்பிடுகிற கை. இது எனக்கே தெரியும்.

"எந்தப் பக்கத்து முகடு?" என்று ஐயா கேட்டார்.

"எஞ்சின் ரூம் பக்கமாம்" என்றார் வந்தவர்.

அந்த இடிதாங்கியைப் பல வருஷத்துக்கு முன் பூட்டியவரே போர்மன் ஐயாதான். ஒரு கணம் கண்ணை மூடினார். "எஞ்சின் ரூம் ஹட்டன் பக்கத்து முகடு. மலை வலது கை. வலத்து நொண்டியை எடும்."

எடுத்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இடத்து நொண்டியையும் லொறியில் ஏற்றினேன்.

"அது என்னத்துக்கு?"

"சும்மா ஒரு தைரியத்துக்குங்கையா."

மாரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். "ரெண்டு காலும் நொண்டியா ஒரு மலை இருந்தா என்ன பண்ணுவீங்க மச்சான்?"

லொறி கிளம்பிற்று. தொழிற்சாலைக்கு ஒன்றரை மைலுக்கு இப்பால் பாலத்துப் பலகை உடைந்து கிடந்தது. லொறி போகாது. இறங்கி நடக்க வேண்டும். ஸ்குரூ, சாவி எல்லாம் உள்ள ஆயுதப் பை, கயிறு, செப்புப் பட்டைச் சுருள், ஏணி. இருப்பது நாலு பேர். நான் இரண்டாவது ஏணியைத் தொட்டேன்.

"இடத்து நொண்டி லொறியிலை கிடக்கட்டும், சுப்பையா. மூச்சு வாங்கிப் போய் நிண்டால் ஆர் ஏறுறது?" என்றார் ஐயா.

நியாயம்தான். ஏறுகிறவன் களைத்திருக்கக் கூடாது என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் உடைந்த பாலத்தில் ஏணியைத் திருப்ப இடம் இல்லாமல் கால் பக்கம் முன்னாலேயே போயிற்று. சிறிசேனவிடம் திருப்பிக்கொள்ளலாம் என்றேன். "ஐயோ அண்ணே, ஏணிக்கு என்னா தெரியும்?" என்று நடந்துகொண்டே இருந்தார். அந்த ஒன்றரை மைலும் நான் ஏணியின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தொழிற்சாலை முற்றத்துக்கு ஏறியதும் போர்மன் ஐயா நின்றார். சத்தம் வருகிற பக்கம் தலையைத் திருப்பினார். எஞ்சின் சத்தம் ஹட்டன் பக்கத்திலிருந்து இல்லை, மறுபக்கம், ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தது.

டீமேக்கர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஐயா அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "எஞ்சினை எப்ப மாத்தினது?"

"அது மாத்தி நாலஞ்சு வருஷமாச்சுங்களே. புது எஞ்சின் வந்தப்பவே அந்தப் பக்கம் புது ரூம் கட்டியாச்சு. ஏன்?"

தொழிற்சாலை மலைக்கு முதுகு காட்டி நிற்கிற கட்டிடம். ஒரு முனையில் சுவரைப் பார்த்து நின்றால் மலை வலது கை. மறு முனையில் நின்றால் இடது கை. பட்டை பிய்ந்து தொங்கியது ஆற்றுப் பக்கத்து முனை. எங்கள் கையில் இருந்தது வலத்து நொண்டி.

சிறிசேன தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, "நான் போய் எடுத்து வாறேன் மாத்தயா" என்று போர்மன் ஐயாவிடம் சொல்லிவிட்டு ஓடினார். வானம் அப்போது நல்ல நீலம்தான். ஆனால் பொகவந்தலாவை மேல் பக்கம் ஒரு கறுப்பு, ஈரத் துணியைக் காயப் போட்ட மாதிரி.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. சுவரில் மாடிக்கு மாடி வெளியே துருத்திய இரும்புச் சட்டம் ஓடியது. கொக்கியை அதில் மாட்டிப் பார்த்தோம். குட்டைக் கால் இறக்கத்துப் பக்கம் அந்தரத்தில் தொங்கியது. நெட்டைக் கால் இருந்த மேட்டுப் பக்கம் மண்வெட்டியால் குழி தோண்டினோம். கொஞ்சம் இறங்கிற்று, பிறகு பாறை. எவ்வளவு கொத்தியும் அரைச் சாண் குறைந்தது. ஏணியைத் திருப்பி வைத்தால்? மாரிமுத்து திருப்பி வைத்தான். கால் இரண்டும் அழகாக உட்கார்ந்தன. கொக்கி எங்களைப் பார்த்தது, தலை தகரத்தில் வழுக்கியது.

"தலை எதிலை?" என்றார் ஐயா, யாரிடமோ கேட்கிற மாதிரி. மாரிமுத்து ஏணியை மறுபடி திருப்பினான்.

கறுப்பு இப்போது மலையைத் தாண்டிவிட்டது. முதல் முழக்கம் கேட்டது, தூரத்தில், லொறியில் தகரப் பீப்பா உருளுகிற மாதிரி.

"மாடியில இருக்கிற பொம்பளைகளக் கீழ எறக்குங்களேன்" என்று டீமேக்கரிடம் கெஞ்சினேன்.

"பெரியதொரை கொழும்புலேருந்து வர்ற நாளு. பரப்பின கொழுந்து பாதியில கெடக்கு. எறக்கினா என் சீட்டுக் கிழியும். நீங்க பட்டையப் பூட்டுங்க, அதுக்குத்தானே வந்தீங்க" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. சொல்லும்போதே மாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் அங்கம்மா வந்தது. ஐம்பது வயது இருக்கும். தலையில் மழைக்குப் போடுகிற கொங்காணி, கையில் கொழுந்துப் பிசின் கறுப்பு. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறது.

"போன வாரம் இடி விழுந்தப்ப மாடியில கம்பியெல்லாம் நெருப்புப் பூச்சி மாதிரி பறந்துச்சு. எம் மக கை மரத்துப் போயி அப்படியே சாஞ்சுட்டா. இன்னைக்கும் அங்கதான் நிக்கிறா. மாசமா இருக்கா" என்றது. "அந்த ஏணிக்கு எம்புட்டு ஒசரம் கொறையுது?"

மாரிமுத்து கையால் காட்டினான்.

"அவ்வளவுதானா? எங்க அம்மி இருக்கு."

தொழிற்சாலைக்கு அடுத்ததே அங்கம்மாவின் லயம். ஐயா வாயைத் திறப்பதற்குள் போய்விட்டது. திரும்பி வரும்போது அம்மிக்கல்லை இடுப்பில் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தது. காலையில் அரைத்த மஞ்சள் அதில் இன்னும் காயவில்லை.

"கல்யாணத்துல நான் ஒரு வாட்டி மிதிச்ச அம்மி. இன்னொரு வாட்டி ஏணி மிதிக்கட்டும், என்ன கெட்டுப்போச்சு" என்று கீழே வைத்தது.

எல்லோரும் போர்மன் ஐயாவைப் பார்த்தோம். கல் வைக்கிறவனுக்குச் சீட்டுக் கிழியும் என்று சொன்னவர் அவர். அவர் வானத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். பாதையில் சிறிசேன இல்லை.

"ஐயா, ஏறுறவன் நான். நான் சொல்றேன், வைங்க" என்றான் மாரிமுத்து.

"வேணாம் மாப்ளே" என்றேன்.

"மச்சான், நீங்க புடிக்கிறப்ப எனக்கென்ன? மேல ஒரு புள்ளத்தாச்சி நிக்கிதாம்ல."

ஐயா குனிந்து, அம்மியை அவர் கையாலேயே நகர்த்திக் குட்டைக் காலுக்குக் கீழே கொடுத்தார். மட்டப் பலகையை எடுத்துப் படியில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அதைத் திருப்பிப் பைக்குள் போட அவருக்கு மூன்று தடவை வேண்டியிருந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல். பயப்படாதவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அதுவரை நான் பயந்துகொண்டிருந்தேன். இனி அதுவும் இல்லை.

மாரிமுத்து ஏறினான். நான் மேட்டுப் பக்கக் காலைக் கட்டிப் பிடித்தேன். ஐயா இறக்கத்துப் பக்கம், ஒரு கை ஏணியில், ஒரு கால் அம்மியின் ஓரத்தில். அவன் பட்டையைச் சுவரோடு பிடிக்கிற ஒரு கவ்வி பூட்டினான். அடுத்தது. ஸ்குரூ திருப்புகிற சத்தம் தகரத்தில் எலி சுரண்டுகிற மாதிரி கேட்டது. ஒரு வெளிச்சம். உடனே முழக்கம். இந்தத் தடவை இரண்டுக்கும் நடுவே மூச்சு விட நேரம் இல்லை.

"இறங்கும், மாரிமுத்து! பூட்டினது காணும், இறங்கும்!" ஐயா சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இன்னும் ஒன்னுங்கையா! கடைசிக் கவ்வி போடாட்டி இம்புட்டும் வீண்!"

மழை விழுந்தது. துளி துளியாக இல்லை, மொத்தமாக. தகரச் சுவரில் வழிந்த தண்ணீர் எல்லாம் எங்கள் காலடிக்கே வந்தது. அம்மியைச் சுற்றி மண் கரைந்தது. அரைத்த மஞ்சள் கரைந்து ஓடியது. அந்த மஞ்சள் நீரோடு அம்மியும் ஒரு விரற்கடை நகர்ந்ததை நான் பார்த்தேன். நோர்வூட்டில் பார்த்த அதே நகர்வு. அதே அமைதி. கொக்கி மேலே பிடித்திருந்தாலும் கால் போனால் ஏணி ஊஞ்சல் மாதிரி சுழலும், ஆள் மட்டும் சுழல மாட்டான். கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. செல்லம்மா முகம் மட்டும் வந்தது.

போர்மன் ஐயாவும் அதைப் பார்த்திருக்கிறார். வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்தார். அம்மியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, நெஞ்சை அதற்கு முட்டுக் கொடுத்தார். கன்னம் மண்ணில். ஏணிக்கால் அவர் முகத்துக்குப் பக்கத்தில்.

"டீமேக்கர், வாரும்! என்ரை காலைப் பிடியும், வழுக்குது!"

டீமேக்கர் குடையை எறிந்துவிட்டு வந்து ஐயாவின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். அங்கம்மா டீமேக்கரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு நாள் என்றால் பார்த்துச் சிரித்திருக்கலாம்.

"சுப்பையா, அவனை இறங்கச் சொல்லும். ஒவ்வொரு படியா. துள்ள வேண்டாமெண்டு சொல்லும்" என்று மண்ணுக்குள்ளேயிருந்து ஐயா சொன்னார். அவர் குரல் மறுபடி மெல்லியதாகிவிட்டது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "மாப்ளே, மெதுவா எறங்கு. எடது கால வை. ம். அடுத்தது. கீழ பாக்காத. என் குரல மட்டும் கேளு." அவன் அப்போது கீழே பார்த்துவிட்டான். போர்மன் ஐயா படுத்துக் கிடப்பதைப் பார்த்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் அவன் கால் படியைத் தேடியது. அந்தக் கால் அப்படித் தேடி நான் பார்த்ததே இல்லை.

கடைசிப் படியை விட்டு மண்ணில் கால் வைத்த உடனே, பாரம் போன ஏணி ஒரு துள்ளுத் துள்ளியது. அம்மி ஐயாவின் கையை விட்டு வழுக்கி, சரிவில் உருண்டு, கீழே தண்ணீர் ஓடுகிற கானில் மோதி இரண்டாகப் பிளந்தது. ஏணி மேலே கொக்கியில் தொங்கிக்கொண்டு ஆடியது. அதில் யாரும் இல்லை.

நாங்கள் கொழுந்து மாடிக்குக் கீழே ஓடி ஒதுங்கினோம். அன்றைக்கு எத்தனை இடி விழுந்தது, எது அந்தக் கட்டிடத்தில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மாடியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கம்மாவின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து எங்களுக்குப் பால் ஊற்றாத சாயத் தண்ணி கொடுத்தாள். மாரிமுத்து கோப்பையை வாங்கினான். சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அந்த மழைக்குள்ளே சிறிசேன வந்து சேர்ந்தார், தனி ஆளாக, இடத்து நொண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை சேறு. "மென்ன, இந்தா ஏணி, மாத்தயா!" என்று அதை முற்றத்தில் போட்டார். போர்மன் ஐயா சேற்றுச் சட்டையோடு எழுந்து போய், அந்த ஏணியின் படிகளை ஒவ்வொன்றாக முஷ்டியால் தட்டிப் பார்த்தார்.

அங்கம்மா கானில் இறங்கி இரண்டு துண்டையும் எடுத்து வந்து சேர்த்து வைத்துப் பார்த்தது. சேரவில்லை.

"என்ன விலை அம்மா?" என்றார் ஐயா.

"எங் கல்யாணத்துக்குன்னு ஹட்டன் தேருக்குப் போனப்ப வாங்குனதுங்க. ஏழரை ரூவா. கொத்துக்கூலி தனி, அத விடுங்க."

"அடுத்த சம்பளத்தோடை நானே கொண்டுவந்து உங்கடை கையிலை தருவன்."

கொம்பனியிடம் கேட்க முடியாது. கேட்டால் ஏணிக்காலுக்குக் கீழே அம்மி எதற்குப் போனது என்று சொல்ல வேண்டி வரும். லொறியில் திரும்பும்போது அவர் பேசியது ஒன்றுதான். "மலை எந்தப் பக்கமெண்டு இனி நான் சொல்லமாட்டன், சுப்பையா. ரெண்டு ஏணியும் போகட்டும், ஆள் கூடக் கேட்டு வாங்குவம்." அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எங்கே போனாலும் இரண்டு நொண்டியும் மேலே வரை வந்தன. யாரும் என்னைக் கிண்டல் பண்ணவில்லை. மாரிமுத்துகூட. அவன் அதற்குப் பிறகு மேலே நின்று ஊரைப் பார்க்கவில்லை.

சம்பள நாள் வந்தது. போர்மன் ஐயா போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. அந்தத் தோட்டத்து வேலை வந்தபோதெல்லாம் எங்களை அனுப்பினார். ஒரு நாள் பாலம் வரை வந்தார். பலகை புதிதாகப் போட்டிருந்தார்கள், லொறி தாராளமாகப் போகும். இறங்கி நின்று, "நீங்கள் போட்டு வாருங்கோ, நான் இதிலை நிக்கிறன்" என்றார். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். அந்தச் சுவரை அவரால் இன்னொரு தடவை பார்க்க முடியவில்லை.

மாரிமுத்து தன் காசை எடுத்துக்கொண்டு அங்கம்மாவிடம் போனான். நானும் கூடப் போனேன். அடுப்படியில் பாதி அம்மியை வைத்து அரைத்துக்கொண்டிருந்தது.

"ஒங்க காசு எனக்கு என்னத்துக்கு தம்பி? அந்தச் சேத்துல படுத்துப் புடிச்சாரே, அவருதான் தாறேன்னு சொன்னாரு. அவரு கையாலதான் வாங்குவேன். அவர வரச் சொல்லுங்க. ஒரு வா சாயத் தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

சொன்னோம். ஐயா தலையை ஆட்டினார். அந்த வருஷக் கடைசியில் பதுளைப் பக்கத்து வேலைக்கு மாறிப் போனார். பிறகு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. சில வருஷத்துக்குப் பின், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற அரசாங்க ஒப்பந்தத்தில் அங்கம்மா குடும்பமும் கப்பலுக்கு ரயில் ஏறிவிட்டது. மகளும், அன்று வயிற்றில் இருந்த பிள்ளையும் கூடப் போனார்கள். பாதி அம்மியை எடுத்துக்கொண்டு போனதா என்று தெரியவில்லை.

மாரிமுத்து இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு மேலே, அடுத்த வீட்டில்தான் இருக்கிறான். செல்லம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, அவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான். டிஷ் பூட்ட வந்த தம்பி போன பிறகு அவன் இறங்கி வந்து, நான் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். ஏணிக்கு முட்டுக் கொடுத்த செங்கல்லையும் பார்த்தான். காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மச்சான், அந்தம்மா காசு?" என்றான்.

அங்கம்மாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் போக வேண்டியது ஏழு ரூபாய் ஐம்பது சதம்.